ஆறு எழுத்தில் நின்றவன்

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு பக்கத் தாளை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பிரித்தேன். சனிக்கிழமை முழுக்க அது என் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. வேலையின் நடுவே இரண்டு தரம் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. பயம்.

என் சம்சாரம் சரசாவுக்கு ஒரு வருஷமாக வெளிக்குப் போகும்போது ரத்தம். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற அடுக்குமாடியில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறாள். சூட்டு உடம்பு, மூலமாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மோர் குடித்தாள். சின்ன வெங்காயத்தைப் பச்சையாகத் தின்றாள். ஜாக்கெட் தோளில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு, மூன்று வீட்டில் ஒரு வீட்டம்மா திட்டித் துரத்தித்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஒருநாள் சின்ன வயசு டாக்டர் ஒருவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நடந்துகொண்டே சொன்னார்.

"பெருங்குடல்ல கேன்சர் கட்டி. இப்போதைக்கு எடுக்கிற நிலைமையிலதான் இருக்கு. தள்ளிப் போடாதீங்க. இந்தத் திங்கள் இல்ல, அடுத்த திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு அட்மிட் பண்ணுங்க, புதன்கிழமை ஆபரேஷன்."

சொல்லிக்கொண்டே அடுத்த கதவுக்குள் போய்விட்டார். கதவு ஆடி ஆடி நின்றது. சரசாவிடம் கட்டி என்று மட்டும் சொன்னேன். மற்ற வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன். அது ஒன்பது நாளாக என் தொண்டையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் நிவேதிதா என்ற அந்தப் பெண்ணைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஒல்லியான பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. "இது ஒரு ஆய்வுங்கய்யா. ஆபரேஷன்ல எடுக்கிற கட்டியில ஒரு சின்னத் துண்டும் கொஞ்சம் ரத்தமும் அம்மா சம்மதிச்சா எங்களுக்குத் தரலாம். இதுல எல்லாம் எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டது.

"நானே படிச்சிக்கிறேம்மா," என்றேன். சரசா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்தெட்டு வயசில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு வண்டிகளுக்கான பாகங்கள் அடித்துக் கொடுப்போம். எந்தப் பாகமானாலும் அதன் மூலப்படம் ஆபீசில் பீரோவுக்குள் பூட்டி இருக்கும். அது ஷாப்புக்கு வராது. அதைப் பார்த்து எழுதிய ஜாப் கார்டுதான் வரும். கார்டை மிஷின் தலைக்கு மேல் கொக்கியில் மாட்டி, அதன்படி அடிப்போம். ஏதாவது கோளாறு என்றால், ஸ்டோரில் இருக்கும் முகமது ஆசிக் பாய் ஒரு விரல் அகலத்தில் சிவப்புத் துண்டுச் சீட்டு எழுதி அந்தக் கார்டின் மேல் குத்திவிட்டுப் போவார். துண்டு இருந்தால் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஒருநாள் என் கொக்கியில் இரண்டு கார்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு. எந்தக் கார்டை நிறுத்தச் சொல்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அது சிவப்பாகத் தெரிந்ததே தவிர எழுத்தாகத் தெரியவில்லை. யாரையும் கேட்க வெட்கப்பட்டு, நிறுத்த வேண்டியதை ஒரு ஷிப்டு முழுக்க அடித்துத் தள்ளினேன். அடித்த பாகம் விழுகிற தொட்டி, பின் என்போம், அது நிரம்பி, தரையில் வழிந்து, நடக்க இடமில்லாமல் போயிற்று. மறுநாளிலிருந்து ஆசிக் பாய் பழைய கார்டுகளின் முதுகில் எனக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிச்சத்தை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கற்றேன். பஸ்ஸுக்காக நிற்கிற இடத்தில், சரியாகக் கண்ணுக்கு நேராக, ஒரே போஸ்டரை வரிசையாக ஏழெட்டு ஒட்டியிருப்பார்கள். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.' யார் துணையும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் வார்த்தை மூலம். அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளைத் தரையில் விரித்து, ஸ்டீல் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தேன். ஒரு வரி முடிந்த பிறகுதான் ஸ்கேல் கீழே இறங்கும். ஸ்கேல் இல்லாவிட்டால் மேல் வரியும் கீழ் வரியும் கலந்து கண் கட்டிவிடும்.

முதல் வரி: 'பெருங்குடல் கட்டி உள்ளவர்களின் இரத்தத்தில் காணப்படும் நுண் ஆர்.என்.ஏ.க்கள்'. ஆர்.என். ஏழுமலை என்கிற மாதிரி, இது யாரோ பெரிய டாக்டரின் இனிஷியல் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கேலை இறக்கினேன். இரண்டாவது வரி: 'மூலம் நோயின் வளர்ச்சியையும் பரவலையும் அறியும் ஆய்வு'.

மூலம் நோயின்.

இன்னொரு தரம் படித்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். அதே மூ. அதே ல. அதே ம். வாயால் சொன்னவர் அவசரத்தில் ஆள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அச்சில் வந்தது எப்படித் தப்பாகும்? கீழே ஆய்வு என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் அறுத்துப் பார்க்க அவர்களுக்கு ஆள் வேண்டும், நாங்கள் அகப்பட்டோம். எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. சந்தோஷம்தான் கூட. பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"சரசு, இங்க வா."

"இன்னா, மீன் வாங்கினு வரேன்னு சொல்லிட்டு தரையில குந்திகினு கீற."

"உனுக்கு மூலந்தான். தாள்லயே போட்டுகீது."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க, காட்டு."

நான் காட்டிய இடத்தில் அவளும் விரலை வைத்தாள். "இத்தினூண்டா?"

"மூணே எழுத்து."

"நான் அன்னிக்கே சொன்னேன். எவன் கேட்டான்?" என்றாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்று மீன் குழம்பு. மத்தியானம் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பல மாசமாக அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் பூந்தமல்லி போய், போஸ்டரில் போட்டிருந்த இடத்தைத் தேடி ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தேன்.

திங்கட்கிழமை அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். நான் ஷாப்புக்குப் போனேன். பத்து மணி டீக்கு ஸ்டோர் ஜன்னல் பக்கம் போனதும் ஆசிக் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு அண்ணிய அட்மிட் பண்ணணும்னு லீவு சொல்லிகினு இருந்தே. இங்க கீற?"

"அட்மிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். வெறும் மூலம். தாளே சொல்லிடுச்சி. நானே படிச்சேன்."

"நீயே படிச்சியா. குடு, நானும் என் மாணாக்கன் கெத்தப் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். முதல் பக்கம் படித்ததும் டீ கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்தைத் திருப்பினார். நான் திருப்பாத பக்கம்.

"அண்ணாத்தே, ஸ்கேல் வச்சிப் படிச்சியா?"

"ஆமா. எப்பவும் அப்படித்தானே."

"ஸ்கேல் இல்லாத படி. மேல் வரி கடைசியிலேர்ந்து கீழ் வரிக்கு நிக்காத போ."

அவர் விரல் போன வழியில் படித்தேன். நுண் ஆர்.என்.ஏ.க்கள் மூலம். நோயின் வளர்ச்சியையும்.

"இந்த மூலத்துக்கு, அது வழியான்னு அர்த்தம். போன் மூலம் சொன்னான், தபால் மூலம் வந்துச்சின்னு எழுதுவாங்க இல்ல? அந்த மூலம்."

"ரெண்டுக்கும் எப்படி பாய் ஒரே எழுத்து?"

"உனுக்கு எழுதிக் குடுத்தப்ப அத்த நான் சொல்லித் தரல அண்ணாத்தே," என்றார். பிறகு இரண்டாம் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். முதல் வரியிலேயே பெருங்குடல் புற்றுநோய் என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் அது நாலு இடத்தில் இருந்தது.

எங்களுக்குப் பின்னால் பிரஸ்கள் அடித்துக்கொண்டே இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். எட்டு மணிக்கு அட்மிட் ஆக வேண்டியவள், அந்நேரம் யார் வீட்டுக் குக்கரையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தாளின் அடியில் இருந்த நம்பருக்கு ஆசிக் பாயே போன் போட்டு, சரசாவின் பேரைச் சொல்லி என் கையில் கொடுத்தார். "ஐயா, எங்க இருக்கீங்க? அம்மா பேரக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றது நிவேதிதாவின் குரல். நேரில் வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அம்பத்தூரில் ரயில் ஏறினேன்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாளை வாங்கி இரண்டு வரியையும் பார்த்தது. "இந்த எடத்துல நாங்க வரிய உடைச்சிருக்கக் கூடாதுங்கய்யா," என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போயிற்று. கால் மணி கழித்து வந்தது.

"சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். நாளைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் பெட்ட வச்சிருப்பாங்க. புதன்கிழமை லிஸ்ட்டுல பேரு இன்னும் இருக்கு. இத விட்டா அடுத்த தேதி எப்பன்னு யாருக்கும் தெரியாது."

நான் கும்பிட்டேன். போக மனசு வரவில்லை. "அந்த ஆர்.என்.ஏ. யாரும்மா?" என்று கேட்டேன். "அந்தாளாலதான் நான் மோசம் போனேன்."

அப்போதுதான் அது சிரித்தது. வாசல் பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தது.

"ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பெரிய புத்தகம் இருக்குன்னு வச்சுக்குங்க. நாலே எழுத்துல எழுதினது."

"நாலா? தமிழுக்கு எரநூத்தி நாப்பத்தேழுன்னு பாய் சொன்னாரே. எனுக்கே ரெண்டு வருசம் ஆச்சி."

"நாலுதான். அந்தப் புத்தகம் இருக்கிற எடத்த விட்டு வெளிய வராது. என்ன வேணுமோ அந்தப் பக்கத்த மட்டும் நகல் எடுத்து அனுப்பும். நகலப் பாத்து வெளிய ஒரு மிஷின் சாமான் செய்யும்."

"ஜாப் கார்டு," என்றேன்.

"என்னது?"

பீரோவையும் படத்தையும் கார்டையும் கொக்கியையும் சொன்னேன். அது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டது. "மூணு வருஷமா எங்கம்மாவுக்கு இதப் புரியவைக்கப் பாக்குறேன், முடியல. சரி, நீங்களே சொல்லுங்க. கார்டு வந்த பிறகு அடிக்க வேணாம்னா என்ன செய்வீங்க?"

"துண்டு குத்துவாங்க. செவப்புத் துண்டு. இத்தினூண்டு இருக்கும்."

"அந்தத் துண்டுதாங்கய்யா நுண் ஆர்.என்.ஏ."

நான் பெஞ்சில் சற்று நேராக உட்கார்ந்தேன்.

"கார்டு ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும். இந்தத் துண்டு இருபத்திரண்டு எழுத்து, ஒண்ணு ரெண்டு கூடக் குறைய. ஒரு புரதம் அதக் கையில பிடிச்சுக்கிட்டு அலையும். எந்தக் கார்டுல ஜோடி எழுத்து இருக்கோ அங்க போயி ஒட்டிக்கும். ஒட்டின கார்ட மிஷின் அடிக்காது. நம்ம ஒடம்புல இந்த மாதிரி வகை வகையாத் துண்டு இருக்கு, நூத்துக்கணக்குல. ரொம்ப நாளா இத யாரும் பாக்கல. இவ்வளவு சின்னதுக்கு என்ன வேலை இருக்கப் போவுதுன்னு விட்டுட்டாங்க."

"இருபத்தி ரெண்டு எழுத்தையும் படிச்சிட்டுதான் ஒட்டுமா?"

"இல்ல. பெரும்பாலும் முன்னாடி இருக்கிற ஏழு எழுத்து பொருந்தினாப் போதும். நின்னுடும். அதனாலதான் ஒரே துண்டு பல கார்ட நிறுத்த முடியுது."

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். மூ, ல, ம், நோ, யி, ன். ஆறு. "என்னைவிட ஓரெழுத்து கூட," என்றேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டது.

"அம்மாவுக்கு வந்திருக்கிற மாதிரி கட்டிகள்ல சில துண்டு கொறைஞ்சு போயிடுது. வளர்ச்சிக்கான கார்டு மேல இருக்க வேண்டிய துண்டு. அது இல்லன்னா?"

"அடிச்சிகினே இருப்போம். பின் ரொம்பி தரையில வழியும்." எனக்கு அந்த ஷிப்டு ஞாபகம் வந்தது.

"சில துண்டு அளவுக்கு மேல பெருகிடுது. வளர்ச்சிய அடக்கி வைக்கிற சாமானோட கார்டு மேல போயி அது ஒட்டிக்கும்."

"பிரேக்கு சாமான் அடிக்கிற மிஷின நிறுத்திடுது."

"ஆமாங்கய்யா. அப்புறம் பரவுறது. குடல்ல செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நிக்கும். கைய விட வைக்கிற கார்டும் புத்தகத்துலயே இருக்கு. அது மேல எப்பவும் துண்டு இருக்கணும். அந்தத் துண்டு தொலைஞ்சா செல்லு கைய விட்டுட்டு ரத்தத்துல எறங்கும், ஈரல்ல போயி உக்காரும். இன்னொண்ணும் நடக்குது. கட்டி தன்னோட துண்டுகள நுண்ணிய குமிழிகள்ல அடைச்சு ரத்தத்துல அனுப்புது. செல்லு போயிச் சேர்றதுக்கு முன்னாடியே, போற எடத்துல எடம் பண்ணி வைக்க இதுவும் ஒரு வழியா இருக்கலாம்னு நெறைய ஆய்வு சொல்லுது. ரத்தத்துல நாங்க தேடுறது அந்தத் துண்டுகளத்தான்."

எங்கள் ஷாப்பிலிருந்து ஒரு பாகம் போய்ச் சேருவதற்கு முன்னால், அதை வாங்குகிற கம்பெனிக்கு எங்கள் ஆள் போய் ராக்கை ஒழித்து வைப்பான். அந்த யோசனை மனுஷனுக்கு மட்டும் வந்தது என்று நினைத்திருந்தேன்.

"சரசாவுக்கு அது கைய உட்டுடுச்சா?"

"ஸ்கேன்ல ஈரல்ல ஒண்ணும் தெரியல. எடுத்துப் பாத்தாத்தான் முழுசாச் சொல்ல முடியும். ஆனா ஒண்ணுங்கய்யா, பொய் சொல்ல மாட்டேன். இந்த ஆய்வு அம்மாவுக்கு வைத்தியம் இல்ல. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ஆபரேஷன் இதுக்காக இல்ல. அது அம்மாவுக்காக."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். பெட்டி நிறைய ஜனம். மார்க்கெட் கூடையோடு ஒரு கிழவி, லேப்டாப் பையை மடியில் வைத்துத் தூங்கும் ஒரு பையன், சமோசா விற்கிறவன். ஒவ்வொருவர் உள்ளேயும் கோடி கோடி ஷாப்பு. சத்தமில்லாமல் பிரஸ் ஓடுகிறது. கார்டு வருகிறது, துண்டு தேடிப் போய் ஒட்டுகிறது, நிற்க வேண்டியது நிற்கிறது. ஆசிக் பாய் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, ஷிப்டு மாறும் சங்கு இல்லை. பிறந்ததிலிருந்து ஐம்பத்தாறு வருஷமாக என் உடம்பும் படித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அது படித்தது. பட்டரவாக்கம் தாண்டும்போது எஸ்டேட்டிலிருந்து பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்டது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

வீட்டில் சரசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஷாப்புத் துணியோடு வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இன்னாயா."

"நான் தப்பாப் படிச்சிட்டேன் சரசு. மூலம் இல்ல."

உலை வைத்திருந்த அடுப்பை அணைத்தாள். "அப்ப இன்னா?"

ஒன்பது நாளாக விழுங்கி வைத்திருந்த வார்த்தையை அப்போது சொன்னேன். அவள் அரிசிப் பானையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நேத்து நல்லாத் தூங்கினேன்யா."

"தெரியும்."

"ஒரே ஒரு நாளு. அத்த குடுத்துட்டு நீயே புடுங்கிகினியே."

நாளைக்குக் காலை ஏழு மணிக்குள் போனால் படுக்கை இருக்கிறது என்றேன்.

"நான் வரல. நாளிக்கி வேற ஒரு தாளு வரும், வேற ஒண்ணு போட்டுகீதுன்னுவே. லேகியம் கீது, அத்த துன்னுட்டு கெடக்கறேன். மூலமாவே இருந்துட்டுப் போவட்டும்."

லேகிய டப்பா அலமாரியில் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள்தான் அங்கே வைத்திருந்தாள். நான் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், பெஞ்சில் கேட்டதையெல்லாம் சொன்னேன். நாலெழுத்துப் புத்தகம், கார்டு, துண்டு, வழிகிற பின், கை கோத்து நிற்கிற செல்லு, குமிழி. அவள் கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. அந்த இருபத்திரண்டு எழுத்தில் முன்னால் இருக்கிற ஏழு எழுத்தைப் பார்த்ததுமே துண்டு நின்றுவிடும் என்று சொன்னபோது தலையைத் தூக்கினாள்.

"மிச்சம் படிக்காதா?"

"படிக்காது."

"உன்னாட்டமே." அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "எனுக்கு வாச்சது உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தத் தாள எடு. ஏழு எழுத்துல நிக்காத. கடைசி வரிக்கும் படி, புரியலன்னாலும் படி. நான் கேக்கறேன்."

விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்கேல் வைக்கவில்லை. நாலு பக்கம் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வரி தவறினேன், திரும்பினேன். சில வார்த்தையை மூன்று தரம் உடைத்துப் பார்த்தும் அர்த்தம் தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. புற்றுநோய் என்று வந்த இடத்திலெல்லாம் என் குரல் இறங்கியது. "சத்தமா படி," என்றாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'இந்த ஆய்விலிருந்து நீங்கள் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.'

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"அப்ப நிறுத்துன்னு சொல்ற துண்டு என் கையில கீதுன்றே."

"இந்த ஆராய்ச்சிக்கு மட்டும்."

"எதுக்கோ. ஒண்ணாவது என் கையில கீதே." எழுந்து அரிசியை அடுப்பில் ஏற்றினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "மொத ரயிலு எத்தினி மணிக்கு?"

விடியற்காலையில் கிளம்பி ஆறரைக்கெல்லாம் வார்டுக்குப் போய்விட்டோம். நிவேதிதா எட்டு மணிக்கு வந்து சம்மதத் தாளை நீட்டியது. நாலு பக்கமும் படிச்சாச்சா என்று கேட்டதற்கு, ஒரு வரி பாக்கியில்லை என்று சரசாவே சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு மையில் கட்டைவிரலைத் தோய்த்தாள்.

"என் கைநாட்டுல எழுத்துப்பிழை வராது," என்றாள். நிவேதிதா வாயைப் பொத்திக்கொண்டது.

புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த போர்டையெல்லாம் முழுசாகப் படித்தேன். கதவு திறந்து நிவேதிதா வெளியே வந்தது. கையில் சின்ன ஐஸ் பெட்டி. நான் எழுந்து நின்றேன். அந்தப் பெட்டிக்காகவும்தான் எழுந்தேன். சரசாவின் உடம்பில் எந்தத் துண்டு தொலைந்தது, எந்தத் துண்டு பெருகியது என்ற கணக்கு அதற்குள் இருந்தது. இருபத்திரண்டே எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாமல், அவளுடைய எழுத்து.

"கட்டி முழுசா வந்துடுச்சுங்கய்யா. ஈரல் சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. சுத்தி இருந்த நெறிக்கட்டிகள அனுப்பியிருக்காங்க, அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் மிச்சம் தெரியும். மருந்து ஏத்த வேண்டியிருக்கலாம்."

"கைய உடலயா?"

"இன்னிக்குக் கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் விடல."

ராத்திரி முழுக்க அவளுக்கு மயக்கம் முழுசாகத் தெளியாமலே இருந்தது. வியாழக்கிழமை காலையில் உள்ளே விட்டார்கள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். போர்வைக்கு மேல் கிடந்த கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் குனிந்தேன்.

"ரிப்போர்ட்டு வந்துச்சா?"

"இன்னும் இல்ல. பத்து நாளு ஆவுமாம்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் நிமிர்ந்தபோது அவள் விரல் என் சட்டையைப் பிடித்தது.

"வந்தா நீயே படி," என்றாள். "ஸ்கேல் மட்டும் வக்காத."